ஒன்பது ஜன்னலையும் கழற்ற வேண்டாம்

செங்கோட்டை,
ஆனி மாதம்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது.

ஒன்பது ஜன்னலையும் கழற்றிவிட்டுப் புதுசு போட மூன்றரை லட்சம் என்று அந்தக் கம்பெனிக்காரர் கொடுத்துவிட்டுப் போன காகிதத்தில் நீ இன்னும் கையெழுத்துப் போடவில்லைதானே? போடாதே. முன்பணமும் கொடுக்காதே. போனில் சொல்லலாம் என்றால் குழந்தை அழுகிறது, குக்கர் கூப்பிடுகிறது, நீயும் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். மாப்பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

உங்கப்பாவும் நானும் கண்ணாடி அறுத்து விற்றுத்தான் உன்னைப் படிக்க வைத்தோம். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற சாரல் காற்றிலேயே கடை நடத்தியவளிடம் வந்து, "காலையில் கண்ணாடி வேர்க்கிறது, அதனால் ஜன்னல் ஆயுசு முடிந்துவிட்டது" என்று ஒருத்தன் சொல்லிவிட்டுப் போக முடியாது. உன் வீட்டு ஜன்னல்களில் சிலது நிஜமாகவே போய்விட்டது, அதையும் சொல்கிறேன். ஆனால் அவர் காட்டிய ஜன்னல் அது இல்லை.

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். படுக்கையறை மூன்றிலும் தண்ணீர் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் நிற்கிறது. சந்தேகமாக இருந்தால் நாளைக் காலை உள்ளே இருந்து விரலால் ஒரு கோடு இழு. கோடு விழவில்லை என்றால் ஈரம் வெளியேதான். ஜில்லென்ற தண்ணீர் ஊற்றிய டம்ளர் வெளியே வேர்ப்பதைப் போலத்தான் இதுவும். டம்ளர் ஓட்டை என்று யாரும் தூக்கிப் போடுவதில்லை.

கணக்கு இதுதான். உங்கள் ஆலுவாவில் விடியற்காலை வெளியே 26 டிகிரி, காற்றில் ஈரப்பதம் 90 சதவீதம் என்று வைத்துக்கொள். அந்தக் காற்று 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எதைத் தொட்டாலும் தண்ணீராக இறங்கிவிடும். மாப்பிள்ளை ஏசியை 18-ல் வைத்துத் தூங்குகிறார். ஒற்றைக் கண்ணாடி குளிரைத் தடுக்காது. வெளிப்பக்கம் 22, 23-க்கு வந்துவிடும். அப்புறம் வேர்க்காமல் என்ன செய்யும்? 25-ல் வைத்து மின்விசிறியை மெதுவாக ஓடவிடச் சொல். கண்ணாடி காய்ந்தே இருக்கும், கரண்டு பில்லும் குறையும். 2020 ஜனவரியிலிருந்து நட்சத்திர முத்திரையோடு வருகிற ஏசிகளெல்லாம் போட்டதும் 24-ல் தொடங்கும்படிதான் அரசாங்கமே வைக்கச் சொல்லியிருக்கிறது. அதை மெனக்கெட்டு 18-க்கு இறக்குவது இவர் வேலை.

கம்பெனிக்காரர் சொன்னதிலும் ஒரு நியாயம் உண்டு. இரட்டைக் கண்ணாடி போட்டால் குளிர் வெளியே வராது, வேர்ப்பது குறையும். அதற்காக, வெயில் ஏறியதும் தானாகக் காய்ந்துபோகிற பனிக்கு யாராவது லட்சக்கணக்கில் கொடுப்பார்களா? உன் சம்பளம், உன் இஷ்டம். என்னைக் கேட்டால் வேண்டாம்.

இன்னொன்று. நீ செல்போனில் தேடிப் படித்து எனக்கு அனுப்பினாயே, அதெல்லாம் குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியது. அவர்கள் வீட்டுக்குள் சூடு, வெளியே பனி. தண்ணீர் உள்பக்கம் இறங்கும். அதனால் ஜன்னலைத் திறந்து காற்றை மாற்று என்பார்கள். நமக்கு எல்லாமே தலைகீழ். மழைக்காலத்தில் ஏசி ஓடிய அறையில் ஜன்னலைத் திறந்து வைத்தால் வெளியே இருக்கும் ஈரமெல்லாம் உள்ளே வந்து, குளிர்ந்து கிடக்கிற சுவரிலும் தரையிலும் இறங்கும். பீரோவுக்குப் பின்னால் கறுப்பாகப் பூசணம் பூத்திருக்கிறது என்றாயே, அங்கே ஒரு முறை கையை வைத்துப் பார். அவர்கள் யோசனை பொருந்துவதென்றால் மூணாறு சித்தி வீட்டுக்குத்தான் பொருந்தும். மார்கழி, தையில் அங்கே சில ராத்திரி பூஜ்யத்தைத் தொடுகிறது. எஸ்டேட் வீட்டில் நாலு பேர் கதவை அடைத்துத் தூங்கினால் காலையில் கண்ணாடியின் உள்பக்கம்தான் தாரை தாரையாக ஒழுகும்.

உன் வீட்டில் உள்பக்கம் வேர்ப்பது அடுக்களை ஜன்னல் ஒன்றுதான். அதற்கு ஜன்னல் என்ன செய்யும்? ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாக வெளியே வரும். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீருவதற்குள் இருபது லிட்டருக்கு மேல் தண்ணீரை உன் அடுக்களைக்குள் விட்டுவிட்டுத்தான் போகிறது. இது போதாதென்று புட்டுக்குடத்து ஆவி, சோறு வடிக்கிற ஆவி. அதற்கும் மேல் மழை என்று துணியை அங்கேயே கொடி கட்டிக் காயப்போடுகிறாய். புகைப்போக்கி விசிறியை அடுப்பு பற்றவைக்கும்போதே போடு, அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் ஓடட்டும். துணியைப் பின் திண்ணைக்கு மாற்று. ஒரு வாரம் இப்படிச் செய்துவிட்டுச் சொல்.

ஹாலில் இருக்கிற பெரிய கண்ணாடி வேறு கதை. அது முன்னே இருந்தவர்கள் போட்ட இரட்டைக் கண்ணாடி. படத்தில் பால் ஊற்றித் துடைத்த மாதிரி மங்கலாக இருக்கிறதே, அதை உள்ளே துடைத்தாலும் போகாது, வெளியே துடைத்தாலும் போகாது. இரண்டு கண்ணாடிக்கும் நடுவே ஓரச் சட்டத்தில் ஈரம் உறிஞ்சும் மணிகளைப் போட்டு, சுற்றிலும் பசை வைத்து அடைத்திருப்பார்கள். வெயிலிலும் மழையிலும் வருஷக்கணக்காகக் கிடந்து பசை விட்டுவிட்டால் ஈரக்காற்று உள்ளே புகும். மணிகள் குடிக்கிற மட்டும் குடித்துவிட்டு நிறுத்திக்கொள்ளும். அதற்கப்புறம் அதற்கு வைத்தியம் கிடையாது. ஓரத்தில் துளை போட்டு உலர்த்தித் தருகிறேன் என்று ஒருத்தன் வருவான், அவனை நம்பாதே. சட்டம் நன்றாக இருக்கிறது, ஆகவே கண்ணாடி ஜோடியை மட்டும் அளவெடுத்து மாற்றினால் போதும். முழு ஜன்னல் எதற்கு?

மாடியில் இருக்கிற அலுமினிய ஸ்லைடிங் இரண்டிலும் தண்டவாளத்தில் தண்ணீர் நிற்கிறது என்றாய். அது வேர்வை இல்லை, மழைத் தண்ணீர். கீழ்ச் சட்டத்தின் வெளிப்பக்கம் சின்னச் சின்னதாகத் தண்ணீர் வடியும் ஓட்டைகள் இருக்கும். மண்ணும் எறும்புப் புற்றும் அடைத்திருக்கும். துடைப்பத்து ஈர்க்கை விட்டுக் குத்தி, ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிப் பார். வடிந்தால் காரியம் முடிந்தது. ரோலர் இழுக்காவிட்டால் ரோலர் மாற்று, ரப்பர் வெடித்திருந்தால் ரப்பர் மாற்று.

இனி பின்பக்கம், மேற்கு பார்த்த இரண்டு மர ஜன்னல். எனக்குக் கவலை அதுதான். கம்பெனிக்காரர் அந்தப் பக்கம் போகவே இல்லை என்று நினைக்கிறேன், பெயின்ட் பளபளவென்று இருக்கிறதே! இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, அடிப்பது மேற்கே இருந்து. அந்தச் சுவரில் மட்டும் சன்ஷேடு ஒரு சாண்கூட இல்லை. பழைய ஆட்கள் இப்படிக் கட்டமாட்டார்கள். பத்மநாபபுரம் அரண்மனையில் மந்திரசாலை ஜன்னல்களுக்கு நிறம் நிறமாக அப்பிரகத் (மைக்கா) தகடு வைத்திருக்கிறார்களே, பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனார்கள் என்று வந்து சொன்னாய், அங்கேயெல்லாம் கூரையைத் தாழ இறக்கி மழையைச் சுவரில் படவிடாமல் வைத்திருப்பார்கள்.

மர ஜன்னல் கதவு அழுகுவது பெரும்பாலும் கீழே இருந்துதான். கண்ணாடி உட்கார்ந்திருக்கும் காடியில் அடைத்த மக்கு (புட்டி) நாள்பட நாள்படக் காய்ந்து வெடிக்கும். கண்ணாடியில் வழிகிற தண்ணீரெல்லாம் அந்த வெடிப்பு வழியாகக் கீழ்க் குறுக்குச் சட்டத்துக்குள் இறங்கும். இறங்கிய தண்ணீரை மேலே அடித்த பெயின்ட் வெளியே விடாது. மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்கிற வரை அழுகல் பிடிக்காது. அதைத் தாண்டி நாள்கணக்கில் ஊறினால் பூசணம் உள்ளே இருந்து தின்னும், வெளியே தோல் மட்டும் அப்படியே நிற்கும். அதனால் கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒரு ஸ்க்ரூடிரைவரை எடு. கதவின் கீழ் மூலையில், நின்ற சட்டமும் குறுக்குச் சட்டமும் சேருகிற பொருத்தில் அழுத்து. "டக்" என்று நின்றால் மரம் உயிரோடு இருக்கிறது. ரொட்டியில் இறங்குகிற மாதிரி இறங்கினால் அந்தக் கதவு போச்சு. பிறகு நிலையின் கால், சுவரில் பதிந்திருக்கும் அடிப்பாகம், அங்கேயும் குத்திப் பார். கறையான் மண் இருக்கிறதா என்றும் பார்.

நிலைக்கால் உறுதியாக இருந்தால் கதவை மட்டும் மாற்று. இற்றது கீழ்ச் சட்டம் ஒன்றுதான் என்றால் அதை மட்டும் வெட்டியெடுத்துப் புதுத்துண்டு இணைக்க நல்ல ஆசாரிக்குத் தெரியும். நிலைக்காலே மாவாகியிருந்தால் தயங்காதே, மொத்தமும் எடுத்துவிடு. அழுகல் மேல் புதுசைத் திருகினால் திருகாணி நிற்காது. ஆனால் ஒன்று, அந்த வீட்டு மரம் வைரம் பாய்ந்த அயினிப் பலா. இன்றைக்கு அந்தத் தரத்தில் மரம் வாங்க மூன்றரை லட்சம் எந்த மூலைக்கு? கழற்றுகிற கம்பெனிக்காரர் "பழைய மரத்தை நாங்களே எடுத்துக்கொள்கிறோம்" என்று உபகாரம்போலச் சொன்னாரா? கேட்டுப் பார்.

மேற்கு ஜன்னலுக்கு மட்டும் யூபிவிசி பிளாஸ்டிக் சட்டம் போடலாம் என்று மாப்பிள்ளை சொன்னால் நான் குறுக்கே நிற்கமாட்டேன். அது அழுகாது, கறையான் தொடாது. அலுமினியத்தைவிடக் குளிரை ஆயிரத்தில் ஒரு பங்குதான் கடத்தும், அதனால் சட்டம் வேர்க்காது. வாங்கும்போது உள்ளே இரும்புக் குழல் வைக்கிறார்களா, தண்ணீர் வடிய ஓட்டை இருக்கிறதா, கீழ்த்திண்டு வெளியே பார்த்துச் சாய்கிறதா என்று கேள். சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே வெளிப்பக்கம் சிலிக்கோன் பசை பூசச் சொல். உள்ளே மட்டும் பூசிவிட்டுப் போவது ஒரு கெட்ட பழக்கம். எதைப் போட்டாலும் அதற்கு முன்னால் ஒரு சன்ஷேடு போடு. அது இல்லாமல் தங்கத்தில் ஜன்னல் போட்டாலும் தண்ணீர் வரும்.

இப்போது எதையும் செய்யாதே. மழைக்காலத்தில் மரம் ஊதியிருக்கும். கதவு இறுக்குகிறது என்று இன்றைக்கு இழைத்துவிட்டால் பங்குனி வெயிலில் விரல் போகிற இடைவெளி விழும். ஐப்பசியில் வருகிற துலாவர்ஷ மழையும் போகட்டும். தை பிறந்ததும் நம்ம பட்டறை ஆசாரியைப் பாலருவி ரயிலில் கூட்டிக்கொண்டு வருகிறேன். அதுவரை வெடித்த மக்குக்கு மேல் சிலிக்கோனை ஓட்டி, மேற்கு ஜன்னலுக்கு வெளியே ஒரு தார்பாயைத் தொங்கவிடு.

ஸ்க்ரூடிரைவர் இறங்கிய இடத்தையெல்லாம் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து அனுப்பு. ஆசாரி சனிக்கிழமை மீன் தொடமாட்டார், மாப்பிள்ளையிடம் இப்போதே சொல்லிவை.

அம்மா