பேய்ப் படம்தானே என்று போட்டுவிடாதீர்கள்

திரைப்படச் சங்கங்களின் திரையிடல் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

எழுபதுகளின் பிற்பாதியில் வந்த திகில் படங்களை வரிசைகட்டித் திரையிட நினைக்கும் எல்லாச் சங்கங்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம். படத் தேர்வில் எங்களுக்கு வழக்கு எதுவும் இல்லை. சஸ்பீரியா, ஹாலோவீன், டான் ஆஃப் தி டெட், ஏலியன் என்று யார் பட்டியல் போட்டாலும் பாதிக்கு மேல் ஒத்துப்போகும். நாங்கள் கேட்பது ஒன்றுதான்: எந்தப் பிரதியைப் போடப்போகிறீர்கள்?

கலைப்படம் என்றால் நிறம், திரை விகிதம், வசன மொழி என்று தேடிப்பார்த்துப் பிரதி வாங்குகிறவர்கள், திகில் படம் என்றதும் கைக்குக் கிடைத்த கோப்பை ஓட்டிவிடுகிறார்கள். உண்மையில் மோசமான திரையிடலால் அதிகம் அடிபடுவது இந்த வகைதான். இருட்டின் அளவு, சட்டகத்தின் ஓரம், ஒலி நிற்கும் நொடி, இந்த மூன்றில்தான் இவற்றின் பயம் இருக்கிறது. மூன்றையும் தவறான ஒரு செட்டிங் அழித்துவிடும்.

ஹாலோவீனை எடுத்துக்கொள்ளுங்கள். கதை நடப்பது இலினாய் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், அக்டோபர் கடைசியில். படம் பிடித்ததோ 1978 வசந்தத்தில், தென் கலிஃபோர்னியாவில். மரமெல்லாம் பச்சைப்பசேல் என்று நிற்க, பழுப்புப் பெயின்ட் அடித்த காகிதச் சருகுகளைத் தெருவில் கொட்டினார்கள். காட்சி முடிந்ததும் பொறுக்கி, அடுத்த காட்சிக்கு மறுபடி கொட்டினார்கள். மிச்சப் பச்சையை ஓரளவு மறைத்தது ஒளிப்பதிவாளர் டீன் கண்டியின் நிறத் திட்டம்: பகலுக்கு இலையுதிர்காலத்துப் பொன்னிறம், இரவுக்கு நீலம். 2007-இல் வந்த ப்ளூ-ரேயில் இரண்டும் போய்விட்டன. பகல் சாதா வெயிலாகிவிட, கதையின் பருவமே மாறிப்போனது. 2013-இல் வந்த 35ஆம் ஆண்டுப் பதிப்புக்குக் கண்டியே மேற்பார்வையிட்டு நிறத்தை மீட்டார். ஆகவே பிரதி தருகிறவரிடம் “4கே-யா?” என்று கேட்பதற்கு முன், “எந்த ஆண்டு மாஸ்டர்? நிறத்தை மேற்பார்வையிட்டது யார்?” என்று கேளுங்கள். (மாஸ்டர் என்பது பிரதிகள் எடுக்கப் பயன்படும் மூலப் பதிவு.) தவறான நிறத்தை 4கே-யில் காட்டினால் தவறு இன்னும் துல்லியமாகத் தெரியும், அவ்வளவுதான்.

நல்ல மாஸ்டர் வந்த பிறகும் ஆபத்து தீரவில்லை. படத்தின் கடைசிப் பகுதியில் நாயகி லாரி ஓர் இருண்ட அறையின் வாசலை ஒட்டி நிற்பாள். அவளுக்குப் பின்னால், இருட்டுக்குள்ளிருந்து, கொலைகாரனின் வெள்ளை முகமூடி மெல்ல மெல்லப் புலப்படும். வெட்டு கிடையாது, திடுக்கென்ற அசைவு கிடையாது. முகமூடிமேல் விழும் ஒளியைச் சிறுகச் சிறுக ஏற்றியிருக்கிறார்கள். இதை உங்கள் ப்ரொஜெக்டருக்கான பரீட்சையாக வைத்துக்கொள்ளுங்கள். ப்ளூ-ரே வீடியோவில் ஒளியளவைக் குறிக்கும் எண் கறுப்புக்கு 16, வெள்ளைக்கு 235. ப்ளேயர் இந்த வரம்பில் அனுப்ப, ப்ரொஜெக்டர் 0 முதல் 255 வரை எதிர்பார்த்தால், கறுப்பு சாம்பலாகிவிடும். முகமூடி முதலிலிருந்தே அங்கே தொங்கிக்கொண்டிருக்கும். மடிக்கணினியிலிருந்து ஓட்டும்போது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு நடக்கும். கணினி 0 முதல் 255 வரை அனுப்பும், ப்ரொஜெக்டர் அதை 16–235 என்று எடுத்துக்கொள்ளும். அடியிலுள்ள நிழல்கள் எல்லாம் ஒரே மைக்கறுப்பாகி, முகமூடி ‘டக்’கென்று பாதியில் முளைக்கும். இரண்டு கருவியிலும் ‘ஆட்டோ’வை எடுத்துவிட்டு, ஒரே வரம்பைக் கையால் தேர்ந்தெடுத்தால் தீர்ந்தது. ‘டைனமிக் கான்ட்ராஸ்ட்’, அசைவை வழவழப்பாக்கும் வசதி, கூர்மை கூட்டுவது எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ப்ளேயரை நொடிக்கு 24 சட்டகம் என்று வையுங்கள்.

அடுத்தது சட்டகம். ஹாலோவீன் 2.35:1 ஸ்கோப் படம், அதாவது அகலம் உயரத்தைப்போல் 2.35 மடங்கு. யாரோ நிற்பதும் நகர்வதும் பல இடங்களில் ஓரத்தில்தான். ‘திரை நிறைய வரட்டுமே’ என்று ஜூம் செய்து 16:9 ஆக்கினால் படத்தின் அகலத்தில் கால் பங்கு போகும். பழைய 4:3 தொலைக்காட்சிப் பிரதி என்றால் 43 விழுக்காடு. மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருவதைக் குறையாகச் சொல்லும் உறுப்பினர் எந்தச் சங்கத்திலும் ஒருவர் இருப்பார். அவரிடம் பொறுமையாகச் சொல்லிப் புரியவையுங்கள். முடிந்தால் கறுப்புத் துணியால் திரையின் மேலும் கீழும் மறைத்துவிடுங்கள், பட்டை கண்ணில் படாது.

இந்தப் படத்துக்கு 1981-இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காகக் கூடுதலாகச் சுமார் 12 நிமிடம் எடுத்துச் சேர்த்தார்கள். இரண்டாம் பாகத்தின் படப்பிடிப்போடு சேர்த்து எடுத்தவை அவை. நீளமான பிரதிதான் முழுமையானது என்று நம்பி அதைப் போட்டுவிட வேண்டாம். 91 நிமிடப் பிரதியே படம்.

சஸ்பீரியாவில் பிரச்சினை வேறு மாதிரி. 1977-இல் வெளிவந்த இந்தப் படத்தை ஒளிப்பதிவாளர் லூச்சியானோ தோவொலி கோடக் சுருளில்தான் எடுத்தார். ஆனால் பிரதிகள் டெக்னிகலர் சாயமேற்று முறையில் அச்சாயின. மூன்று நிறங்களுக்கு மூன்று தனி அச்சுச் சுருள்கள். ஒவ்வொன்றும் தன் சாயத்தை வெற்றுச் சுருளில் ஒற்றும். ஒவ்வொரு நிறத்தின் அடர்த்தியையும் தனித்தனியாகக் கூட்டலாம், குறைக்கலாம். அந்தச் சிவப்பும் நீலமும் பச்சையும் அப்படி வெறிகொண்டு நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். எல்லாம் கொந்தளிப்பாக இருந்தால் சரி என்று நினைத்து, நடுவில் வந்த சில மாஸ்டர்களில் கான்ட்ராஸ்டை ஏற்றிவிட்டார்கள். வெளிச்சப் பகுதிகள் வெந்து வெளிறி, முகங்களில் விவரமே இல்லை. தோவொலி மேற்பார்வையில் 2017-இல் வந்த 4கே மீட்பு இந்தக் கோளாறிலிருந்து தப்பியது. அதையே கேளுங்கள். உங்கள் பங்குக்கு ‘விவிட்’ மோடு வேண்டாம். சாயம் ஏற்கெனவே போதிய அளவு இருக்கிறது.

இதன் ஒலிக்குப் பரீட்சை முதல் சில நிமிடங்களிலேயே வருகிறது. நாயகி விமான நிலையத்தை விட்டு வெளியேறும்போது, தானியங்கிக் கதவு திறந்தால் காப்ளின் குழுவின் இசை கேட்கும். மூடினால் சட்டென்று நின்றுவிடும். இசை கதைக்கு வெளியேயிருந்து வரவில்லை, கதவுக்கு வெளியே காத்திருக்கிறது என்று படம் நமக்குச் சொல்லும் இடம் அது. ஒலியை ஸ்பீக்கர்களுக்குப் பிரித்தனுப்பும் ரிசீவரில் ‘நைட் மோடு’ போன்ற ஒலிச் சமன் வசதி இயங்கிக்கொண்டிருந்தால் உரத்ததும் மெல்லியதும் நெருங்கிவந்து, இந்தத் துண்டிப்பு மழுங்கிப்போகும். அதை அணையுங்கள். முதலில் நான்கு தட காந்த ஒலியோடு திரையிட்ட படம் இது. 2017 மீட்பில் அந்த நான்கு தடக் கலவை ஆங்கிலத்தில் இருக்கிறது. இத்தாலியப் படத்துக்கு இத்தாலிய மொழிதானே மூலம் என்று வாதம் வரும். நடிகர்கள் படப்பிடிப்பில் பல மொழிகளில் பேசினார்கள். எல்லாக் குரலும் பின்னால் பதிந்ததுதான். நாயகி ஜெஸிகா ஹார்ப்பரின் சொந்தக் குரல் ஆங்கிலத்தில் இருப்பதால், எங்கள் ஓட்டு ஆங்கிலத்துக்கு.

ஒலியில் பொதுவாக ஒரு விஷயம். ஹாலோவீன் மோனோ படம், ஒரே ஒலித்தடம்தான். பின்னாளில் பல ஸ்பீக்கருக்காகச் செய்த 5.1 கலவைகள் டிஸ்க்கில் முதல் தேர்வாக வந்து நிற்கும். மெனுவுக்குள் போய் மோனோவைத் தேர்ந்தெடுங்கள். ரிசீவர் அதை எல்லா ஸ்பீக்கருக்கும் பரப்பப் பார்க்கும், விடாதீர்கள். நடு ஸ்பீக்கர் ஒன்றே போதும். 1978-இன் இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்நாட்சர்ஸுக்கு இது பொருந்தாது. அது டால்பி ஸ்டீரியோ படம். இடம், நடு, வலம், பின்புறம் என்ற நான்கு தடங்களை இரண்டுக்குள் மடித்து வைத்தது. இரண்டு தடப் பதிவு கிடைத்தால், ரிசீவரில் ப்ரோ லாஜிக் வகை விரிப்பைப் போட்டால்தான் நான்கும் பிரிந்து வரும். ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட் பன்றியின் அலறலையும் கலந்து செய்த, வேற்றுக்கிரக நகல் மனிதர்களின் அந்தக் கூச்சல் முழு வலுவோடு அறைக்குள் விழ வேண்டாமா? எரேசர்ஹெட்டைப் போடும்போது, படம் முழுக்க ஓடும் ஆலை இரைச்சல் போன்ற அடிநாதத்தை ஆம்ப்ளிஃபயர் கோளாறு என்று நினைத்து யாராவது பாதியில் எழுந்து வயரைப் பிடுங்கக்கூடும். இயக்குபவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

டான் ஆஃப் தி டெட்டுக்கு மூன்று பதிப்புகள் உண்டு, மூன்றும் உண்மையானவை. இயக்குநர் ஜார்ஜ் ரோமெரோவின் அமெரிக்கத் திரையரங்குப் பதிப்பு 127 நிமிடம். கான் திரைப்படச் சந்தைக்காக அவசரமாகச் சேர்த்தது 139 நிமிடம். படத்துக்குப் பணம் திரட்ட உதவி, அதற்குப் பதிலாக வெளிநாட்டு உரிமை பெற்ற சஸ்பீரியா இயக்குநர் தாரியோ அர்ஜெந்தோ தானே வெட்டியது ஏறத்தாழ 119 நிமிடம். நீளமானதை ‘இயக்குநர் பதிப்பு’ என்று விற்றிருக்கிறார்கள். ரோமெரோவுக்குப் பிடித்தது 127 நிமிடம்தான். அர்ஜெந்தோ பதிப்பில் காப்ளின் இசை தூக்கலாக இருக்கும், நகைச்சுவை குறையும், படம் ஓடும். ரோமெரோ பதிப்பில் கடைகளில் ஒலிக்கிற மாதிரியான வாடகை இசை நிறைய. அந்தச் சளசளப்பான இசைக்கு நடுவே உயிர்த்தெழுந்த பிணங்கள் வணிக வளாகத்து எஸ்கலேட்டரில் தடுமாறுவதுதான் படத்தின் கிண்டல். முதன்முறை பார்ப்பவர்களுக்கு 127-ஐப் போடுங்கள். இரண்டு இரவு கிடைத்தால் மறுநாள் 119. ஒரே காட்சிகளைப் படத்தொகுப்பு எப்படி வேறு படமாக்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது கடினம்.

இந்தப் படத்தின் இரத்தம் பெயின்ட் மாதிரிப் பளீர் சிவப்பு. ஒப்பனைக் கலைஞர் டாம் சவினிக்கே அந்த நிறம் பிடிக்கவில்லை. ரோமெரோ அது சித்திரக்கதை போல இருக்கிறது என்று விட்டுவிட்டார். பிணங்களுக்குப் பூசிய சாம்பல் நிறமும் சில விளக்குகளில் நீலமாகத் தெரியும். ப்ரொஜெக்டர் பழுதில்லை, சிவப்பைக் குறைக்கப் போகாதீர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஏலியனுக்கு 1979 பதிப்பே போதும். 2003-இல் வந்த ‘இயக்குநர் பதிப்பு’ சில காட்சிகளைச் சேர்த்து வேறு சிலவற்றைச் சுருக்கி ஏறத்தாழ ஒரு நிமிடம் குறைந்தது, ஆர்வலர்களுக்கானது. இயக்குநர் ஹெர்ஸாக்கின் நொஸ்ஃபெராட்டுவில் வசனக் காட்சிகளை ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் தனித்தனியாக எடுத்தார்கள். ஜெர்மனைத் தேர்ந்தெடுங்கள், இரத்தக் காட்டேரியாக நடித்த கின்ஸ்கியின் முணுமுணுப்பு அதில்தான் பொருந்துகிறது. டோப் ஹூப்பரின் சேலம்ஸ் லாட் தொலைக்காட்சிக்காக எடுத்த 4:3 படம். பக்கங்களில் பட்டை வரட்டும், மேலும் கீழும் வெட்டாதீர்கள். அதன் 112 நிமிடத் திரையரங்குச் சுருக்கம் வேண்டாம், மூன்று மணி நேரம் ஓடும் முழுப் பதிப்பே வேண்டும். ஜன்னலுக்கு வெளியே சிறுவன் மிதந்து வரும் காட்சியைப் பின்னோக்கி ஓடும்படி எடுத்திருக்கிறார்கள். புகை அவனை நோக்கிச் சுருள்வதைக் கவனித்தால் புரியும்.

அந்தக் காலத்து 35 எம்.எம். சுருளே கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் துள்ளிக் குதிக்க வேண்டாம். எண்பதுகளின் தொடக்கத்தில் நிறம் மங்காத அச்சுச் சுருள் வரும் முன் அச்சான ஈஸ்ட்மென் கலர் பிரதிகளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் கரைந்துபோகும்; மிஞ்சுவது ரோஜா நிறப் படம். ஹாலோவீனின் நீல இரவு அதில் இருக்காது. ஒரு ரீலின் நடுவிலிருந்து சில சட்டகங்களை வெள்ளை ஒளியில் வைத்துப் பாருங்கள். டப்பாவைத் திறந்ததும் புளிக்காடி வாடை வந்தால் சுருள் சுருங்கத் தொடங்கிவிட்டது; அதை இயந்திரத்தில் ஏற்றக் கூடாது.

தமிழ் சப்டைட்டில் போடுவது நல்ல காரியம், ஆனால் கோப்பு எந்தப் பதிப்புக்கானது என்று பாருங்கள். ஐரோப்பிய டிவிடிகள் நொடிக்கு 25 சட்டகம் ஓடும். 91 நிமிடப் படம் 87-இல் முடியும், இசையின் சுருதியும் சற்று ஏறும். அதற்குச் செய்த சப்டைட்டிலை 24 சட்டகப் பிரதியில் பொருத்தினால் கடைசியில் மூன்றரை நிமிடம் முந்திப்போய் நிற்கும். காது கேளாதோருக்கான கோப்பில் “பின்னால் காலடி ஓசை” போன்ற குறிப்புகள் வரும். ஒலிக்கு ஒரு நொடி முன்னால் வந்தாலும் காட்சி செத்தது. அவற்றை நீக்கத் தேவையில்லை, ஒலியோடு சேர்ந்து வரும்படி நேரத்தைத் திருத்துங்கள். எழுத்தைத் தூய வெள்ளையில் வைக்காமல் வெளிர்சாம்பலாக்குங்கள். இருட்டுக் காட்சியில் வெள்ளை எழுத்துக்குக் கண் பழகிவிட்டால் வாசலில் நிற்கும் முகமூடி தெரியாது.

கடைசியாக, அறிவிப்பில் படத்தின் பெயரோடு பதிப்பு, நிமிடம், மாஸ்டரின் ஆண்டு, மொழி, ஒலித்தடம் ஐந்தையும் ஒரு வரியில் போடுங்கள். “ஹாலோவீன், 1978, திரையரங்குப் பதிப்பு, 91 நிமிடம், 2013 மாஸ்டர், ஆங்கிலம், மோனோ” என்று எழுதியிருந்தால் நாங்கள் அரை மணி நேரம் முன்னதாகவே வந்து, நாற்காலி போடவும் கறுப்புத் துணி கட்டவும் கைகொடுப்போம்.

இப்படிக்கு,
உங்கள் திரையிடல்களுக்கு வரும் திகில் பட ரசிகர்கள் சிலர்