சைகை ஊழியத்தில் துணை நின்ற உங்களுக்கு நன்றி

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கு,

காது கேளாத சகோதர சகோதரிகளுக்கு ஆராதனையைச் சைகையில் சொல்லும் ஊழியத்தை, அஞ்சலகப் பணி ஓய்வுக்குப் பிறகு தேவன் என்னிடம் ஒப்படைத்தார். அதற்குத் தோள் கொடுத்த உங்களுக்கு நன்றி சொல்லவே இந்த மடல்.

இதை நான் தேடிப் போகவில்லை. பேரப்பிள்ளைகள், பெண்கள் ஐக்கிய சங்கம், மாலை ஜெபம் என்று காலம் போகும் என்றுதான் எண்ணியிருந்தேன். ஓர் அடக்க ஆராதனையில், தாயை இழந்த மகன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பிறவியிலேயே காது கேளாதவர். தம் தாயைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்துச் சொல்ல அங்கே ஒருவருமில்லை. "நீ சொல்" என்று கர்த்தர் அன்று என் உள்ளத்தில் பேசினார் என்றே நம்புகிறேன்.

முட்செடியருகே மோசே தமக்குத் திக்குவாய் என்று தயங்கியபோது, ஊமையனையும் செவிடனையும் உண்டாக்கினவர் யார் என்று கேட்ட கர்த்தர், ஆரோனை அவருக்கு வாயாகக் கொடுத்தார். பார்வோன் முன் நின்றபோது மோசேக்கு வயது 80, ஆரோனுக்கு 83. மோசேயைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். எனக்கோ ஆரோன்மேல் தனிப் பிரியம். அந்த வயதில் இன்னொருவருக்கு வாயாக இருக்கச் சம்மதித்தாரே! அதன்பின் என் வயதைச் சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லாமல் போயிற்று.

முதல் நன்றி என் ஆசிரியைக்கு. பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் காது கேளாத பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளியில் படித்த அக்கா அவர். மூட்டுவலியில் விறைத்த என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, சரியான கோணத்துக்கு வளைத்துவிடுவார். கேள்விச் சொல் வாக்கியத்தின் கடைசியில் வர வேண்டும், கூடவே புருவமும் கேட்க வேண்டும். என் முகம் அசையாமல் இருந்தால் நோட்டை இழுத்து, "முகம் பேசாவிட்டால் கை ஊமை" என்று எழுதிக் காட்டுவார். டெல்லியிலுள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2021இல் 10,000 சொற்களாக விரிவாக்கிய அகராதியின் வீடியோக்களைப் பேரன் எடுத்துக் காட்டுவான். ஆனாலும் சந்தேகம் வந்தால் அக்காவின் கைதான் எனக்குத் தீர்ப்பு.

நம் சபைப் போதகரான சேகர ஐயரவர்கள் பிரசங்கக் குறிப்பை வெள்ளிக்கிழமையே என்னிடம் தந்துவிடுகிறார்கள். நான் நிற்கும் இடத்தில் நிழல் விழாதபடி விளக்கு போட்டுக் கொடுத்தார்கள். மாற்கு 7ஆம் அதிகாரத்தில் இயேசு செவிடனைத் தனியே அழைத்துப்போய், காதுகளில் விரல் வைத்து, நாவைத் தொட்டு, வானத்தை அண்ணாந்து பார்த்து, அதன் பிறகே "எப்பத்தா", அதாவது "திறக்கப்படுவாயாக" என்றார். அவனுக்குப் புரியும் விதத்தில் நம் ஆண்டவர் முதலில் கையால் பேசினார் என்று ஐயரவர்கள் சொன்ன அந்த ஞாயிறு என்னால் மறக்க முடியாதது. நான் அதைச் சைகையில் சொன்னதும் முன்வரிசையில் இருந்தவர்கள் இரு கைகளையும் உயர்த்தி அசைத்தார்கள். அதுதான் அவர்கள் கைதட்டும் முறை. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் அதைப் பார்த்துத் தாங்களும் கைகளை உயர்த்தினார்கள். பிறகு சபை முழுவதும்!

பாடல் வரிகளை முன்னதாகவே தந்து, என் கைக்கு ஏற்றபடி நிதானமாகப் பாடும் பாடகர் குழுவுக்கு நன்றி. சனிக்கிழமை நான் கண்ணாடி முன் பழகும் நேரத்தில் சமையலையும் பார்த்துக்கொண்டு, விரல்களுக்கு வெந்நீரும் வைத்துத் தரும் என் கணவருக்கு நன்றி. கைகள் எடுப்பாகத் தெரிய, பூப்போடாத கருநீலச் சேலைகளாகத் தேடி வாங்கித் தந்த மருமகளுக்கும்.

வாலிபர் சங்கத்திலிருந்து இரண்டு தங்கைகள் இப்போது அக்காவிடம் கற்றுக்கொள்ள வருகிறார்கள். அவர்களுக்காக ஜெபியுங்கள். உங்கள் வீட்டிலோ உறவிலோ காது கேளாதவர்கள் இருந்தால் ஞாயிறு ஆராதனைக்கு அழைத்து வாருங்கள். முன்வரிசையில் இடம் வைத்திருக்கிறோம்.

கர்த்தருடைய ஊழியத்தில்,
உங்கள் சகோதரி