குளிரில் சிறுக்கும் கேஸ் தீ

ஆசிரியருக்கு,

உதகை, கோத்தகிரி பக்கம் மார்கழிப் பனியில் அடுப்பின் தீ சிறுத்தால், எடை குறைந்த சிலிண்டர் என்று ஏஜென்சியைத் திட்டுவதற்கு முன் தராசில் வைத்துப் பாருங்கள். மேல் வளையத்தில் பொறித்திருக்கும் வெற்று எடையைக் கழித்தால் மிச்சம் தெரிந்துவிடும். அழுத்தமானி இதற்கு உதவாது. உள்ளே ஒரு கிலோ திரவம் இருந்தாலும் பத்துக் கிலோ இருந்தாலும், வெப்பநிலையும் கலவையும் மாறாதவரை ஆவியழுத்தம், அதாவது திரவத்துக்கு மேலே நிற்கும் ஆவி தள்ளும் அழுத்தம், ஒன்றுதான்.

அந்தத் திரவம் புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. 25 டிகிரி செல்சியஸில் தனிப் பியூட்டேனின் ஆவியழுத்தம் வெளிக்காற்றைவிட ஏறக்குறைய 1.4 பார் அதிகம் (ஒரு பார் என்பது ஏறக்குறைய கடல்மட்டக் காற்றழுத்தம்). 0 டிகிரியில் அந்த உபரி அநேகமாக இல்லை. அதன் கொதிநிலையே மைனஸ் 0.5 டிகிரி. புரோப்பேன் அப்போதும் 3.7 பார் உபரியோடு தள்ளும். ஆனால் அது முந்திக்கொண்டு ஆவியாகிவிடுவதால், தீரும் தறுவாயில் பெரும்பாலும் பியூட்டேன்தான் தங்கும். புதுச் சிலிண்டர் நன்றாக எரிந்து, கடைசி இரண்டு மூன்று கிலோ மட்டும் தகராறு செய்வது இதனால்தான்.

ஓட்டல், கல்யாணச் சமையல் அடுப்புகளில் குளிரில்லாத ஊரிலும் இந்தத் தொல்லை உண்டு. ஒரு கிலோ திரவம் ஆவியாகச் சுமார் 370 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஒரு லிட்டர் குளிர்ந்த நீரைக் கொதிக்கவைக்கும் அளவு. அது சிலிண்டர் சுவர் வழியாகச் சுற்றுக்காற்றிலிருந்து வர வேண்டும். பெரிய பர்னர் இழுக்கும் வேகத்துக்கு அது ஈடுகொடுக்காதபோது திரவமே குளிர்ந்து அழுத்தம் இறங்கும், திரவம் நிற்கும் உயரம்வரை வெளியே பனி படியும். மட்டம் குறையக் குறைய வெப்பம் வாங்கும் பரப்பும் சுருங்கும்.

இந்த நேரத்தில் சிலர் சிலிண்டரைப் படுக்கவைக்கிறார்கள். ஆவிக்குப் பதில் திரவமே ரெகுலேட்டருக்குள் பாயும். அது சுமார் 250 மடங்கு விரிந்து பர்னரில் பெருந்தீயாகச் சீறும். கொதிநீர் ஊற்றுவதும் அடுப்பருகே நகர்த்துவதும் அதே அளவு விபரீதம்: 60 டிகிரியில் தனிப் புரோப்பேன் 20 பாரைத் தொட்டுவிடும்.

வீட்டில் சிலிண்டரை வெளித்திண்ணையில் வைக்காமல், காற்றோட்டமுள்ள அறைக்குள் மரப்பலகை மேல் நிமிர்த்தி வைத்தால் போதும். கடைக்காரர்கள் 19 கிலோ சிலிண்டர்கள் இரண்டை உரிமம் பெற்றவரைக் கொண்டு ஒரே குழாயில் இணைத்து, இரண்டையும் ஒருசேரத் திறந்து வைக்கலாம்; இழுப்பு இரண்டுக்கும் பங்காகும், வெப்பம் வாங்கும் பரப்பும் கூடும். ஒன்று தீர்ந்தபின் மற்றொன்று என்று மாற்றினால் இந்தப் பலன் கிடைக்காது.

– வாசகர், குன்னூர்