புல் இருந்தால் போதும், நிலம் பிறகு வரட்டும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. அம்மா பழையபடி எழுந்து நடமாடுகிறார் என்று படித்ததும் மனசு லேசாகிவிட்டது. இங்கே எல்லோரும் நலம். மகள் படிப்பை முடித்து வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வீடு அமைதியாக இருக்கிறது, பட்டியில்தான் ஒரே சத்தம். இந்த ஈற்றில் பெரும்பாலும் இரட்டைக் குட்டிகள்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். சேமிப்போடு கொஞ்சம் கடனும் சேர்த்து, நிலம் வாங்கி, கொட்டகை கட்டி, பத்து மாடு பிடிக்கலாமா என்று கேட்டிருந்தாய். நீ இந்தப் பக்கம் வருவதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தேவையில்லை. அதனால்தான் நேராகச் சொல்கிறேன்: இந்த வரிசையில் செய்யாதே. நிலமும் கொட்டகையும் குட்டி போடாது. கையில் இருப்பது கொஞ்சம் பணம் என்றால் அது பெருகக்கூடிய உயிர்களில்தான் போக வேண்டும், அதிலும் பாதிதான். மீதி கையிருப்பாக இருக்கட்டும். கடனுக்குத் தவணை மாதாமாதம் வரும். குட்டி விற்ற பணம் அப்படி வராது. நெருக்கடியில் சினை ஆட்டை விற்றுத் தவணை கட்டிப் பட்டியைக் காலி செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நிலை உனக்கு வரக்கூடாது.

மேய்க்கும் உரிமையை மட்டும் வாடகைக்குப் பேசு. பயிர் செய்யாமல் கிடக்கும் நிலம், களை மண்டிய தோப்பு என்று எங்கும் இருக்கும். களை அடங்கி எருவும் சேர்வதால் உரிமையாளர்கள் பலர் சம்மதிப்பார்கள். குறைந்தது இரண்டு மூன்று வருடத்துக்கு எழுத்தில் வாங்கிக்கொள். போய்ப் பார்க்கும்போது புல்லுக்கு முன்னால் தண்ணீரைப் பார். கோடையிலும் தண்ணீர் நிற்கும் இடமா என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் விசாரி. வேலியும் நீ எங்கே போனாலும் கூட வருவதாக இருக்கட்டும். பேட்டரியில் ஓடும் மின்வேலி இருக்கிறதே, பழக்கிய மாட்டுக்கு அதில் ஒரே கம்பி போதும், ஆட்டுக்கு வலை வேண்டும். கொட்டகை என்றால் மழை நனையாத கூரை, ஈரம் தங்காத தரை, காற்றோட்டம். அதற்கு மேல் இப்போதைக்கு எதுவும் வேண்டாம்.

மாடா ஆடா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஆட்டில் ஆரம்பி. பசுவுக்குச் சினைக்காலம் ஒன்பது மாதத்துக்கு மேல், ஈனுவது ஒரு கன்று. ஆட்டுக்குச் சுமார் 150 நாள், பல சமயம் இரண்டு குட்டி. நன்றாகப் பராமரித்தால் இரண்டு வருடத்தில் மூன்று ஈற்று எடுக்கலாம். ஆனால் நீ கணக்குப் போடும்போது வருடத்துக்கு ஒரு ஈற்று என்றே வைத்துக்கொள். பத்துப் பெட்டைக்குப் பதினைந்து குட்டி, அதில் இரண்டு மூன்று தவறிப்போகும் என்று வை. மிஞ்சுவதில் பாதி பெட்டை. அவற்றை விற்காதே, எத்தனை பேர் நல்ல விலை சொன்னாலும். கிடாக்குட்டியை மட்டும் விற்றுச் செலவைப் பார்த்துக்கொள். மாட்டில் ஒன்று செத்தால் போட்ட முதலில் பெரிய பங்கு போய்விடும். ஆட்டில் அந்த அடி சிறியது, தொழில் கற்றுக்கொள்ளும் காலத்தில் இது முக்கியம்.

எத்தனை வாங்கலாம் என்பதைப் பணம் சொல்லக்கூடாது, தீவனம் சொல்ல வேண்டும். உடல் எடையில் நூற்றுக்கு மூன்று பங்கு, ஈரம் நீக்கிய கணக்கில், ஒரு நாளைக்குத் தேவை. 30 கிலோ ஆட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. பசும்புல்லில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் அது நாலைந்து கிலோ பச்சையாகிவிடும். பால் கொடுக்கும் ஆட்டுக்கு இன்னும் அதிகம். புல் செழித்திருக்கும் மாதத்தைப் பார்த்து எண்ணிக்கையை முடிவு செய்யாதே. வருடத்திலேயே மோசமான மாதத்தில் எத்தனைக்கு வயிறு நிரம்புமோ, அத்தனைதான் உன் மந்தை.

புல்லைப் பற்றித்தான் உன்னிடம் நிறையப் பேச வேண்டும். பிரான்சில் மாடு வளர்த்துக்கொண்டே மேய்ச்சலை ஆராய்ந்த ஆந்த்ரே வுவாசன் 1950களிலேயே விளக்கிய விஷயம் இது. கடிபட்ட புல் வேரிலும் தண்டின் அடியிலும் சேர்த்து வைத்ததைச் செலவழித்துத் துளிர்க்கிறது. வேர் மறுபடி தேறுவதற்குள் அந்தத் துளிரையும் கடித்துவிட்டால் வேர் மெலிகிறது. மேய்ச்சல் கெடுவது கால்நடை அதிகமானதால் மட்டும் அல்ல, ஓய்வு கிடைக்காததால். ஆகவே இடத்தைச் சிறு சிறு பாத்திகளாகப் பிரித்து, மூன்று நாலு நாளில் அடுத்ததற்கு மாற்று. திரும்பி வருவதை நாள்காட்டியைப் பார்த்து முடிவு செய்யாதே, புல்லின் உயரத்தைப் பார். மழைக்காலத்தில் சீக்கிரம் தேறும், வறட்சியில் இரண்டு மூன்று மடங்கு நாள் கேட்கும்.

இதே ஒழுங்கு குடற்புழுவையும் அடக்கும். ஆட்டின் இரைப்பையில் ரத்தம் குடிக்கும் ஒரு புழு உண்டு. பெண் புழு ஒரு நாளைக்கு 5,000 முட்டைக்கு மேல் இடும். புழுக்கையோடு விழுந்த முட்டை, வெப்பமும் ஈரமும் இருந்தால் ஒரு வாரத்துக்குள் தொற்றக்கூடிய நிலைக்கு வந்துவிடும். அந்த இளம்புழுக்கள் பெரும்பாலும் புல்லின் அடி இரண்டு அங்குலத்தில்தான் இருக்கும். முட்டை அந்த நிலைக்கு வருமுன்பே மந்தையை நகர்த்தி, தரையோடு மேயவிடாமல் பார்த்துக்கொண்டால் பாதிச் சண்டை முடிந்தது. தழை கடிக்கும் ஆட்டுக்கு இந்தத் தொல்லை குறைவு, அதனால் வேலியோரத்து மரங்களை வெட்டிவிடாதே. மருந்தை மாதம் தவறாமல் எல்லாவற்றுக்கும் ஊற்றுகிறார்கள், அது எனக்குப் பிடிக்காத பழக்கம். மருந்துக்கு அசையாத புழுதான் அதில் மிஞ்சும். கீழ் இமையை இழுத்துப் பார், சிவப்பாக இருந்தால் விட்டுவிடு, வெளுத்திருந்தால் மருந்து கொடு. இந்த நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கத் தென்னாப்பிரிக்காவில் ஒரு அட்டையே உருவாக்கினார்கள்.

வாங்கும்போது அவசரப்படாதே. ஒரே மந்தையில் வளர்ந்தவையாக, இரண்டு பல் அல்லது நாலு பல் ஆடுகளாக, அதாவது ஏறக்குறைய ஒன்று முதல் இரண்டு வயதுக்குள் இருப்பவையாகப் பார். மடியைத் தொட்டுப் பார், கட்டி இருக்கக்கூடாது. கொஞ்ச தூரம் நடக்கவிட்டுக் குளம்பைக் கவனி. மூக்கு ஒழுகுவது, பின்புறம் கழிச்சல் ஒட்டியிருப்பது என்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். பின்னால் புதிதாக எது சேர்த்தாலும் மூன்று நாலு வாரம் தனியாக வைத்த பிறகே மந்தையில் விடு. தடுப்பூசி அட்டவணையை அங்குள்ள கால்நடை மருத்துவரிடம் முதல் வாரமே வாங்கிவிடு. பிறந்த குட்டிக்குச் சில மணி நேரத்துக்குள் சீம்பால் போக வேண்டும், அதில் மட்டும் எந்தச் சமாதானமும் கிடையாது. அப்புறம் ஒன்று: செம்மறியும் சேர்த்து வளர்ப்பாயானால் மாட்டுக்கான தாது உப்பை அதற்குக் கொடுக்காதே. அதில் உள்ள தாமிரம் செம்மறியைக் கொன்றுவிடும்.

ஆடு வாங்கவே இப்போது முடியாது என்றாலும் வழி இருக்கிறது. யாருடைய ஆட்டையாவது பங்குக்கு எடுத்து வளர்த்து, பிறக்கும் குட்டியில் உன் பங்கைச் சேர்த்துக்கொள். செத்தால் யார் கணக்கு, மருந்துச் செலவு யாருடையது என்பதை முன்பே பேசிவிடு. ஒரு வருடம் இப்படி வளர்த்தாலே, பிறகு உன் பணத்தில் ஆடு வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று உன் கண்ணுக்கே தெரியும். எனக்கு உண்மையில் இதுதான் உனக்கு மிகப் பொருத்தமாகத் தோன்றுகிறது. வேலையை விடாமலே தொடங்கலாம்.

அடுத்த கடிதத்தில் இரண்டு விவரம் எழுது: உனக்குக் கிடைக்கக்கூடிய மேய்ச்சல் இடத்தின் பரப்பு, கோடையில் அங்கே தண்ணீர் எவ்வளவு நாள் நிற்கிறது. அதை வைத்து எத்தனை ஆடு தாங்கும் என்று கணக்குப் போட்டு அனுப்புகிறேன். அதற்குள் யாருக்கும் முன்பணம் கொடுத்துவிடாதே. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்