முதல் டிரிப்ஸுக்கு முன்னால்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. உன் குடல் நோய்க்கு இன்ஃபிளிக்ஸிமாப், அந்த எதிர்ப்புச் சக்தியை அடக்கும் டிரிப்ஸ் மருந்து, தொடங்கப் போகிறார்கள் என்று உன் அண்ணன் பேச்சுவாக்கில் சொல்லித்தான் தெரிந்தது. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்கப் போவதில்லை. முதல் டோஸ், அதிலிருந்து 2ஆவது வாரம், 6ஆவது வாரம், பிறகு 8 வாரத்துக்கு ஒரு முறை. அந்தக் கணக்கையெல்லாம் நீ என்னைவிட நன்றாக வைத்திருப்பாய். எனக்கு வேண்டியது முதல் தேதிக்கு முந்தைய நாட்கள், தடுப்பூசிகளைச் சரிபார்க்க.

உன் தடுப்பூசி நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஹெபடைடிஸ் பி மூன்று டோஸும் இருக்கிறது. எம்எம்ஆர், தட்டம்மை-பொன்னுக்குவீங்கி-ரூபெல்லா ஊசி, இரண்டும் இருக்கிறது. சின்னம்மைக்கு நேரே கட்டம் காலி. அண்ணனுக்கு அம்மை போட்டபோது உன்னைப் பெரியம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டோம், அதனால் உனக்கு வரவும் இல்லை.

ஹெபடைடிஸ் பி போட்டாயிற்றே என்று இருந்துவிடாதே. கைக்குழந்தையில் போட்டது, எதிர்ப்பொருள் அளவு இத்தனை வருடத்தில் இறங்கியிருக்கும். மூன்று டெஸ்ட் கேள்: ஹெச்பிஎஸ் ஆன்டிஜென், ஆன்டி-ஹெச்பிஎஸ், ஆன்டி-ஹெச்பி கோர். முதலாவதும் மூன்றாவதும் கிருமி இப்போது இருக்கிறதா, எப்போதாவது வந்துபோனதா என்று காட்டும். ஈரலில் பழைய கிருமி பதுங்கியிருந்தால் இந்த மருந்து அதைக் கிளப்பிவிடும். அதனால்தான் டிரிப்ஸ் ஏறுமுன் பார்க்கச் சொல்கிறேன். நடுவில் உள்ள ஆன்டி-ஹெச்பிஎஸ்தான் எதிர்ப்பொருள் அளவு, அது 10க்குக் கீழே வந்தால் ஒரு பூஸ்டர், ஒன்றிரண்டு மாதம் கழித்து மறுபடி டெஸ்ட். அப்போதும் 10ஐத் தொடவில்லை என்றால் மீதி டோஸ்களையும் போட்டு முடிக்க வேண்டும். மூன்று டெஸ்டும், பாப்பா. ஒன்றை மட்டும் எழுதி அனுப்பிவிடுவார்கள், நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிமோனியா ஊசியில் வரிசை முக்கியம். அதில் பல வகை உண்டு. பிசிவி 20 கிடைத்தால் ஒரே டோஸோடு முடிந்தது. பிசிவி 15 என்றால், குறைந்தது 8 வாரம் கழித்து பிபிஎஸ்வி 23. தலைகீழாக 23ஐ முதலில் போட்டுவிட்டால் அடுத்ததற்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டிவரும். ஃப்ளூ ஊசி வருடா வருடம், கையில் போடுவது மட்டும். மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே உனக்கு ஆகாது. நிமோனியா ஊசி, ஃப்ளூ ஊசி இரண்டையும் ஒரே நாளில் கைக்கு ஒன்றாகப் போட்டுக்கொள்ளலாம். ஓரிரு நாள் கை வலிக்கும், லேசாகக் காய்ச்சல் வரலாம், அவ்வளவுதான்.

இவை உயிரில்லாத கிருமியிலிருந்தோ கிருமியின் துண்டிலிருந்தோ செய்தவை. ஸ்டீராய்டு சாப்பிட்டாலும் போடலாம், டிரிப்ஸ் ஏறும் நாளிலேயேகூடப் போடலாம். மருந்துக்கு 2 வாரம் முன்னால் போட்டால் உடம்பு நன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அதற்காக டிரிப்ஸைத் தள்ளிப்போடாதே. பாதி பலன் கிடைத்தாலும் பலன்தான்.

ஒருவரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். குடும்ப டாக்டர் பார்த்துக்கொள்வார் என்று குடல் டாக்டர் நினைப்பார். குடும்ப டாக்டரோ மருந்துப் பேரைப் பார்த்ததும் தயங்கி, ஸ்பெஷலிஸ்ட் சொல்லட்டும் என்று விட்டுவிடுவார். பேஷண்ட் நன்றாக இருக்கிற மாதத்தில் ஞாபகம் வராது, நோய் கிளம்பிய மாதத்தில் நேரம் இருக்காது. அதனால் நோட்டின் படத்தையும் இப்போது சாப்பிடும் மருந்துகளின் பேரும் அளவும் கொண்ட சீட்டையும் போனில் வைத்துக்கொள். ஊசி போடுகிறவரிடம் ஒரே ஒரு கேள்வி: "இது உயிருள்ள கிருமி ஊசியா?"

நீ பிரெட்னிசலோன் ஸ்டீராய்டு 40 மி.கி. சாப்பிடுவதாக அண்ணன் சொன்னான். தினம் 20 மி.கி. அளவில் இரண்டு வாரம் போனாலே உயிருள்ள ஊசிகளுக்குக் கதவு சாத்தியாயிற்று. சின்னம்மை, எம்எம்ஆர், மஞ்சள் காய்ச்சல் எல்லாம் அதில் அடங்கும். இனி இன்ஃபிளிக்ஸிமாப் ஓடும்வரை அது திறக்காது.

அந்தக் கதவு திறந்திருந்த காலம் ஒன்று இருந்தது. நோய் கண்டுபிடித்த வருடம் நீ மெசலமைன் மட்டும்தான் சாப்பிட்டாய். அது எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தில்லை. 4 வாரம் இடைவெளி விட்டு சின்னம்மை ஊசி இரண்டும் போட்டிருக்கலாம். டாக்டர் சீட்டில் எழுதியும் கொடுத்தார். "இப்போதுதான் ரத்தம் நின்றிருக்கிறது, ஊசி கீசி ஒன்றும் வேண்டாம்" என்று தடுத்தது நான். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் ஊசி போட்ட நர்ஸ் அம்மா சொன்னால் நீ கேட்காமல் என்ன செய்வாய்? தடுப்பூசியால் குடல் நோய் திரும்பக் கிளம்பாது என்று எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் தடுத்தேன். பயம். அந்தச் சீட்டு நோட்டுக்குள்தான் இருக்கிறது, நான்காக மடித்து.

சரி, இப்போது செய்யக்கூடியது. ரத்தத்தில் சின்னம்மை ஐஜிஜி, அதாவது அதன் எதிர்ப்பொருள், இருக்கிறதா என்று பார்க்கச் சொல். யாருக்கும் தெரியாமல் லேசாக வந்துபோயிருக்கலாம். இருந்தால் நிம்மதி, அதே கிருமி பிறகு அக்கியாகக் கிளம்பாமல் இருக்க உயிரில்லாத வகை அக்கி ஊசி இரண்டு டோஸ் போட்டுக்கொள்ளலாம். இல்லை என்று வந்தால் அக்கி ஊசி போட்டுப் பயனில்லை, அது சின்னம்மையைத் தடுக்காது. அப்போது மாப்பிள்ளைக்கு அம்மை வந்ததுண்டா என்று கேள், இல்லையென்றால் அவர் போட்டுக்கொள்ளட்டும். வீட்டில் இருப்பவர் போட்டுக்கொள்ளலாம். ஊசிக்குப் பிறகு அவர் உடம்பில் கொப்புளம் வந்தால் மட்டும் காயும்வரை நீ தள்ளி இரு. ஆபீசிலோ எங்கோ அம்மை வந்தவர் பக்கத்தில் இருந்துவிட்டால், கொப்புளம் வரட்டும் பார்க்கலாம் என்று இராதே. அன்றே டாக்டரைக் கூப்பிடு. இம்யூனோகுளோபுலின், தயாராக உள்ள எதிர்ப்பொருள் ஊசி, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 10 நாள் தாண்டினால் பலனில்லை.

இன்னொன்று. கேள்வி இல்லை, தகவல்தான். இந்த மருந்து ஓடும்போது குழந்தை உண்டானால், பிறக்கும் பிள்ளைக்கு உடனே பிசிஜி, அந்த உயிருள்ள காசநோய் ஊசி, போடக் கூடாது, 6 முதல் 12 மாதம் வரை தள்ள வேண்டும். பிரசவ வார்டில் அவசரத்தில் போட்டுவிடுவார்கள், முன்கூட்டியே எழுதி வாங்கி வைக்க வேண்டும். எப்போதோ வேண்டியிருக்கும்போது பார்த்துக்கொள்.

நோட்டின் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன், அந்தச் சீட்டையும் சேர்த்து. ஐஜிஜி முடிவு வந்ததும் என்னிடம் சொல்லத் தோன்றாவிட்டால் அண்ணனிடமாவது சொல். அவன் என்னிடம் சொல்லிவிடுவான்.

அம்மா