பேனா முனையில் ஒரு சங்கிலி தூரம்

பெஸ்தாரி ஜெயா, மலேசியா,
ஞாயிறு இரவு

அன்புள்ள மணியம்,

ஏழு மாதமாகக் கடிதம் இல்லை என்று திட்டாதே, நீயும் போடவில்லை. வீட்டில் எல்லாரும் சுகம். என் முட்டிதான் பழைய பாட்டைப் பாடுகிறது. மேலே ஊர்ப் பெயரைப் பார்த்துச் சிரித்திருப்பாய். 2007-ல் மாற்றினார்கள், என் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தாய்தான் வருகிறது.

சொல்ல வந்தது வேறு. போன வாரம் கோயில் மண்டபத்தில் பழைய தோட்டத்து ஆட்களைக் கூட்டினோம். என் மூத்தவன் யோசனை. ஜெர்மனியில் ஹைடல்பெர்க்கில் ஹைகிட் என்றொரு ஆய்வு நிறுவனம் ‘ஸ்கெட்ச் மேப் டூல்’ என்று ஒன்றை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. நம் ஊர் வரைபடத்தை அதில் அச்செடுத்து, கலர் பேனாவால் குறித்து, படம் பிடித்து ஏற்ற வேண்டும். தாளிலுள்ள கியூஆர் குறியை வைத்து எந்த இடமென்று தெரிந்துகொண்டு, நாம் கிறுக்கியதை மட்டும் நிறவாரியாகப் பிரித்துக் கணினி வரைபடமாகத் தந்துவிடும். 2021 டிசம்பர் வெள்ளத்துக்கு நீலம், லயத்து வீடுகளுக்குச் சிவப்பு, இடுகாட்டுக்குப் பச்சை. நம் தோட்டத்துக் கணக்கர் கிராணியார் மட்டும் தன் பால்பாயிண்ட் பேனாவை விடவில்லை. ஒரு மணி நேரம் நுணுக்கி நுணுக்கிப் போட்டார், கோடு மெல்லிசு என்று ஒன்றுகூடத் தேறவில்லை. ஆள் எண்ணும் பெரட்டில் நம்மை வெயிலில் நிறுத்தியதற்குச் சரியாகப் போயிற்று.

பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக் கொட்டகைப் பாட்டியும் வந்திருந்தார். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆறு தெரிந்ததும் அதில் விரலை வைத்து, “இங்கேருந்து ரப்பர் பால் கொட்டகை, அதுக்குப் பின்னால நாவ மரம்” என்று விரலாலேயே நடந்து போய், பச்சையில் ஒரு கோணல் வட்டம் போட்டார்.

அந்த வட்டம்தான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது. தாளின் அளவுவிகிதம் 1:10,000. பேனாக் கோடு 2 மில்லிமீட்டர் தடிப்பு, தரையில் 20 மீட்டர். நீ சர்வேயரோடு சங்கிலி இழுத்த கணக்கில் கிட்டத்தட்ட ஒரு சங்கிலி, 66 அடி! செம்பனையில் இரண்டு நிரை அதற்குள் அடங்கிவிடும். கோட்டின் உள்விளிம்பை எடுத்தால் இடுகாடு கால்வாய்க்கு இந்தப் பக்கமே முடிகிறது, வெளிவிளிம்பை எடுத்தால் அந்தப் பக்கமும் சேர்கிறது. கணினியோ அட்சரேகை, தீர்க்கரேகை என்று பாகையில் ஆறு தசம இடம் வரை எண் கொடுக்கிறது. ஆறாவது தசமம் என்பது தரையில் வெறும் 11 செண்டிமீட்டர். பாட்டியின் கை நடுக்கமே அதைவிடப் பெரிது. மூத்தவன் அந்த எண்ணை அப்படியே இடுகாட்டுக்காக நாங்கள் போடும் மனுவில் ஏற்றிவிட்டு, “துல்லியமா இருக்குப்பா” என்கிறான். மறுநடவுக்கு மரம் தள்ளுவதற்குள் மனு போக வேண்டும், சரிதான். ஆனால் அந்த எண்ணைப் பிடித்து அளக்க வருகிறவன் அங்கே ஒன்றும் இல்லை என்று கண்டால், பாட்டி சொன்னது எல்லாமே பொய் என்று எழுதிவிட்டுப் போவான்.

அப்பாவை எடுத்துப் போன அன்று நீ முன்னால் நடந்தாய், நான் பின்னால் வந்தேன். கால்வாய்ப் பலகையைத் தாண்டினோமா, இல்லையா? தாண்டியதாகத்தான் எனக்கு நினைவு, சத்தியம் பண்ண மாட்டேன். தீபாவளி வரை இழுக்காமல் வா, இரண்டு பேரும் நடந்து பார்த்துவிடுவோம். பூட்ஸ் போட்டுக்கொண்டு வா, அங்கே அட்டை அதிகம்.

உன்,
ராஜூ