மரக் கோஸ்டர் ஆடலாம், நிற்கக் கூடாது

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடையில் அமெரிக்காவுக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோருக்காக நீங்கள் வெளியிட்ட பயண இணைப்பில், அங்குள்ள பழைய பொழுதுபோக்குப் பூங்காக்களைப் பற்றியும் எழுதியிருந்தது மகிழ்ச்சி. ஆனால் ‘மர ரோலர் கோஸ்டரில் ரயில் போகும்போது சட்டம் முழுக்க ஆடுகிறது, பெரியவர்கள் ஏறாமல் இருப்பதே நல்லது’ என்ற வரி வாசகர்களை வீணாகப் பயமுறுத்தும். மேடும் பள்ளமுமான தண்டவாளத்தில் ஆளை ஏற்றி ஓடும் ரயில்தான் ரோலர் கோஸ்டர். அந்தத் தண்டவாளத்தைத் தாங்கும் மரச் சட்டம் ஆடுவதற்கென்றே கட்டப்பட்டது. பயப்பட வேண்டிய இடங்கள் வேறு, அவை கீழே நின்று பார்த்தாலே கண்ணில் படக்கூடியவை.

மரக் கோஸ்டரின் தண்டவாளம் என்று நாம் சொல்வது உண்மையில் பலகை அடுக்கு. பைன் மரப் பலகைகளை ஏழெட்டு அடுக்காக ஆணியும் போல்ட்டும் போட்டு இறுக்கி, அதன் மேல் தட்டையான இரும்புப் பட்டையைப் பதிப்பார்கள். ரயிலுக்கு மூன்று வகைச் சக்கரம். எடையைத் தாங்குவது பட்டையின் மேல் ஓடும். பக்கச் சக்கரம் உள்விளிம்பை ஒட்டி வந்து வளைவில் பிடித்துக்கொள்ளும். மூன்றாவது, தண்டவாளத்துக்கு அடியில் ஓடும் சக்கரம், மேட்டைத் தாண்டும்போது ரயில் எகிறிவிடாமல் தடுக்கும். இந்த அடிச்சக்கரத்துக்குக் கோஸ்டர் வடிவமைப்பாளர் ஜான் மில்லர் 1919-இல் காப்புரிமை வாங்கிய பிறகுதான் கோஸ்டர்கள் உயரமும் வேகமும் கூடின. ஏற்றத்தில் கேட்கும் ‘டக் டக்’ சத்தமும் பழுதுச் சத்தம் அல்ல. ரயிலை மேலே இழுக்கும் சங்கிலி அறுந்தால் அது பின்னால் உருளாதபடி, பெட்டியின் அடியிலுள்ள இரும்பு நாக்கு ஒவ்வொரு பல்லாக விழுந்து ஏறும் ஓசை அது.

ரயில் சரிவில் இறங்கிப் பள்ளத்தைத் தொடும் கணத்தில் பயணிகளின் எடை இரண்டு மூன்று மடங்காகக் கூடியதுபோல் இருக்கும். அந்த அழுத்தம் அப்படியே பலகை அடுக்கு வழியாகக் கம்பங்களுக்கு இறங்குகிறது. மரம் கொஞ்சம் வளைந்து கொடுத்து நிமிர்வதால்தான் போல்ட்டுகள் தப்பிக்கின்றன. விறைப்பாக இருந்தால் இணைப்புகள் ஒவ்வொன்றாகத் தெறிக்கும்.

மரத்துக்கு உண்மையான பகை தண்ணீர். மழையில் பலகை உப்புகிறது, வெயிலில் சுருங்குகிறது. ஒவ்வொரு முறையும் போல்ட் கொஞ்சம் தளர்கிறது, இரண்டு தண்டவாளங்களுக்கு இடையேயுள்ள அகலம் கொஞ்சம் மாறுகிறது. அதனால்தான் ஒழுங்காக நடக்கும் பூங்காவில், வாசல் திறப்பதற்கு முன் ஆட்கள் கையில் சுத்தியலும் ஸ்பானருமாகத் தண்டவாளத்தின் மேலேயே நடந்து போகிறார்கள். எழும்பிய ஆணி, தளர்ந்த நட், விரிசல் விட்ட பலகை, முனை தூக்கிய இரும்புப் பட்டை, இவற்றைப் பார்த்து அங்கேயே சரிசெய்வார்கள். வளைவுகளுக்குக் கிரீஸ் பூசுவார்கள். பிறகு காலி ரயிலைச் சில முறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஆள் ஏற்றுவார்கள். குளிர்காலத்தில் மூடியிருக்கும் மாதங்களில், அதிகம் அடி வாங்கிய பள்ளங்களிலும் வளைவு முடிவுகளிலும் மேல் அடுக்குகளைப் பிரித்துப் புதுப் பலகை போடுவார்கள். இப்படிப் பகுதி பகுதியாக மாற்றி மாற்றி வருவதால், 80 வயதுக் கோஸ்டரில் ரயில் ஓடும் பலகைகள் பெரும்பாலும் சமீபத்தியவை.

இந்த வேலை நின்றால் கோஸ்டருக்கு நாள் எண்ண ஆரம்பிக்கலாம். வருமானம் குறைந்த பூங்கா முதலில் கை வைப்பது குளிர்கால மரவேலையில்தான், ஏனென்றால் அந்தச் செலவு வந்துபோகும் யார் கண்ணுக்கும் தெரியாது. அடுத்த ஆண்டு ஓட்டம் முரடாகும். முரடானால் ஒருமுறை ஏறியவர் மறுமுறை ஏறமாட்டார். கூட்டம் குறையும், இன்ஷூரன்ஸ்காரர்கள் கேள்வி கேட்பார்கள், ஒரு பருவம் ‘தற்காலிகமாக’ நிறுத்துவார்கள். நிறுத்திய கோஸ்டரில் தினமும் யாரும் ஏறி நடப்பதில்லை, எது தளர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. நாலைந்து ஆண்டு கொட்டகையில் நின்ற தேரைத் தச்சர் அச்சைப் பார்க்காமல் வடம் பிடிப்போமா? மறுபடி ஓட்ட வேண்டுமென்றால் நான்கு பருவச் செலவு ஒரே பருவத்தில் வந்து நிற்கும். அந்தப் பணம் இருந்திருந்தால் நிறுத்தியே இருக்க மாட்டார்கள்.

பென்சில்வேனியாவின் கானியட் லேக் பார்க் போனது இந்த வழியில்தான். 1892-இல் ஏரிக்கரையில் தொடங்கிய பூங்கா அது. 1938-இல் எட் வெட்டல் வடிவமைத்த ‘ப்ளூ ஸ்ட்ரீக்’ கோஸ்டர், 78 அடி உயரம், மரங்களுக்குள் நீளமாகப் போய்த் திரும்பி வரும். பணமில்லாமல் நின்று கிடந்ததை 2010-இல் பெப்சி நிறுவனம் வாக்கெடுப்பு வைத்து வழங்கிய 50,000 டாலர் நிதியைக் கொண்டு பழுதுபார்த்து ஓட்டினார்கள். இதற்கு முன்பே, 2008-இல், பூங்காவின் நடன மண்டபம் தீயில் போயிருந்தது. 2014-இல் திவால் மனு, 2021-இல் விற்பனை. 2022 ஜனவரியில், இடிப்பு வேலை நடந்துகொண்டிருந்தபோது ப்ளூ ஸ்ட்ரீக் எரிந்து போனது. இன்று போனால் பார்க்க அது இல்லை. பழைய வழிகாட்டிகளில் இன்னும் பெயர் இருக்கலாம், ஏமாற வேண்டாம்.

நின்றது எல்லாம் செத்துவிடும் என்றும் இல்லை. அதே மாநிலத்தில் அல்டூனா நகரின் லேக்மான்ட் பார்க்கில் உள்ள ‘லீப் த டிப்ஸ்’ 1902-இல் கட்டியது, உலகில் இன்றும் இருக்கும் கோஸ்டர்களில் மிகப் பழையது. 1985-இல் நின்று, புதுப்பித்து 1999-இல் மறுபடி ஓடியது. உயரம் 41 அடி, மிகப் பெரிய இறக்கமே 9 அடிதான், வேகம் சராசரியாக மணிக்கு 10 மைல். மில்லருக்கு முந்திய காலத்தது என்பதால் அடிச்சக்கரம் இல்லை. மடியை அழுத்திப் பிடிக்கும் கம்பியும் கிடையாது. அது ஓடும் பருவமாக இருந்தால், பெரியவர்களுக்கு முதல் அனுபவமாக இதைவிட நல்லது சொல்லத் தெரியவில்லை. ஆனால் லேக்மான்ட் 2017, 2018 ஆகிய இரண்டு பருவங்கள் திறக்கவே இல்லை. கிளம்பும் முன் பூங்காவுக்குப் போன் செய்து ‘பூங்கா திறந்திருக்கிறதா’ என்று கேட்காதீர்கள், ‘அந்தக் கோஸ்டர் இந்த வாரம் ஓடுகிறதா’ என்று கேளுங்கள். இரண்டும் வேறு கேள்வி. பூங்கா திறந்திருக்கும், கோஸ்டர் மட்டும் பூட்டியிருக்கும். இந்தப் பூங்காக்களில் இது சாதாரணம்.

எலிஸ்பர்க்கில் உள்ள க்னோபல்ஸ் பூங்காவின் ‘ஃபீனிக்ஸ்’ கதை இன்னும் சுவையானது. டெக்சஸின் சான் அன்டோனியோவில் பிளேலேண்ட் பார்க் 1980-இல் மூடப்பட்டபோது அநாதையாக நின்ற ‘ராக்கெட்’ கோஸ்டர்தான் அது. வரைபடம் கையில் இல்லை. அதனால் பிரிக்கும்போதே ஒவ்வொரு மரத்துக்கும் அடையாளம் கட்டி, லாரிகளில் ஏற்றி, 1985-இல் பென்சில்வேனியாவில் மறுபடி எழுப்பினார்கள். க்னோபல்ஸ் நொடித்த பூங்கா அல்ல, நன்றாகவே நடக்கிறது, நுழைவுக் கட்டணமும் இல்லை. முதலில் அங்கே போய், கவனிக்கப்படும் மரக் கோஸ்டர் எப்படி ஓடும் என்று பார்த்துவிட்டு, பிறகு தள்ளாடும் பூங்காவுக்குப் போனால் வித்தியாசம் உடம்புக்கே தெரியும்.

பூங்காவுக்குள் நுழைந்ததும் வரிசைக்கு ஓட வேண்டாம், கோஸ்டரை ஒருமுறை கீழே இருந்து சுற்றி வாருங்கள். நரைத்த மரங்களுக்கு நடுவே புது மஞ்சள் மரத்துண்டுகள் ஒட்டுப் போட்டதுபோல் தெரிந்தால் அது நல்ல அறிகுறி, யாரோ வேலை செய்கிறார்கள். புதுப் பெயின்டை நம்ப வேண்டாம், பெயின்ட் எதையும் மறைக்கும். இரும்புப் பட்டையின் மேற்புறத்தைப் பாருங்கள். தினமும் ரயில் ஓடும் பட்டை பளபளவென்று இருக்கும். சிவந்த துரு படிந்திருந்தால் சில நாட்களாகவே ரயில் ஓடவில்லை என்று பொருள், வாசலில் என்ன எழுதியிருந்தாலும் சரி. கம்பம் கான்கிரீட்டில் உட்காரும் அடிப்பகுதியையும் கவனியுங்கள். மரத்தின் வெட்டுமுனை தண்ணீரை உறிஞ்சுவது அங்கேதான், அழுகல் ஆரம்பிப்பதும் அங்கேதான். கம்பத்தைச் சுற்றிக் குளம்போல் நீர் தேங்கியிருந்தாலும், கொடி ஏறிப் படர்ந்திருந்தாலும், பராமரிப்பு தளர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். இரண்டு ரயில் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று மட்டும் ஓடினால் பயப்பட ஒன்றுமில்லை. சிறிய பூங்காக்களில் இரண்டாவது ரயில் உதிரிபாகத்துக்காகக் கழற்றப்பட்டிருக்கும், வரிசை மெதுவாக நகரும், அவ்வளவுதான்.

இருக்கை விஷயத்தில் தெரியாமல் அவதிப்படுபவர்கள் நிறைய. ஒரு பெட்டிக்கு மூன்று வரிசை இருந்தால் நடு வரிசையில் உட்காருங்கள். முன் வரிசையும் பின் வரிசையும் அச்சின் மேல் இருப்பதால் ஒவ்வொரு அதிர்வும் நேராக முதுகெலும்புக்கு வரும். நடு வரிசை இரண்டு அச்சுகளுக்கும் இடையில் இருப்பதால் அதிர்வு குறையும். ரயிலின் முதல் பெட்டியில் காட்சி நன்றாக இருக்கும். கடைசிப் பெட்டியை முன்னால் போனவை இழுத்துக்கொண்டு இறங்குவதால் வயிறு தூக்கும். குழந்தையோடு உட்கார்ந்தால், பெரிய வளைவு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்து, கனமானவர் வெளிப்பக்கம் உட்கார வேண்டும். வளைவில் உள்ளே இருப்பவர் வெளியே இருப்பவர் மேல்தான் சரிவார். கம்பியைப் பிடித்துக்கொண்டு உடம்பைக் கொஞ்சம் தளர்த்தி விடுங்கள், விறைத்து உட்கார்ந்தால்தான் கழுத்து பிடிக்கும். முந்தானையை இடுப்பில் நன்றாகச் செருகி, துப்பட்டாவையும் கண்ணாடியையும் கீழே நிற்பவரிடம் கொடுத்துவிட வேண்டும். இதய நோய், கழுத்து முதுகு அறுவைச் சிகிச்சை, கர்ப்பம் உள்ளவர்கள் ஏறவே கூடாது. உங்கள் கட்டுரை அதைச் சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

காலையும் மாலையும் ஒரே கோஸ்டர் இரண்டு விதமாக ஓடும். குளிர்ந்த காலையில் கிரீஸ் கெட்டியாக இருக்கும், சக்கரம் சோம்பலாக உருளும். குளிரோடு எதிர்காற்றும் சேர்ந்து, ரயிலில் ஆளும் குறைவாக இருந்தால், அடுத்த மேட்டைத் தாண்ட முடியாமல் பள்ளத்தில் நின்றுவிடுவதும் உண்டு. அப்போது ஊழியர்கள் பக்கப் படிக்கட்டு வழியாக நடத்தி இறக்குவார்கள், அவர்கள் சொல்லும்வரை எழுந்திருக்காமல் இருந்தால் ஆபத்தில்லை. வெயில் ஏறி, நாள் முழுக்க ஓடிச் சூடான பிறகு, இருட்டும் நேரத்தில்தான் ஓட்டம் உச்சத்தில் இருக்கும். ஈரமான தண்டவாளத்தில் உராய்வு குறைந்து ரயில் வேகமெடுக்கும், பிரேக் பிடிப்பதும் குறையும். மழை வந்ததும் மூடிவிடும் பூங்காவிடம் கோபப்படாதீர்கள், அவர்களுக்கு விவரம் தெரிந்திருக்கிறது.

மிக முரடான இடங்களில் மட்டும் பலகை அடுக்கை எடுத்துவிட்டு, தொழிற்சாலையில் செய்த எஃகுத் தண்டவாளத்தைப் பொருத்தும் வழக்கம் சமீப ஆண்டுகளில் வந்திருக்கிறது. மரக் கோஸ்டர் பக்தர்கள் இதைத் தீட்டு மாதிரி பேசுகிறார்கள். சின்னப் பூங்காவுக்கு இரண்டு பள்ளங்களில் இப்படிச் செய்து மற்ற இடமெல்லாம் மரமாகவே வைத்திருக்க முடிந்தால், என் கணக்கில் அது லாபம்.

இந்தப் பூங்காக்களில் பணம் தங்குவது தீனிக் கடையிலும் சில்லறை விளையாட்டுகளிலும்தான். வீட்டிலிருந்து புளியோதரை கட்டிக்கொண்டு போவது நம் வழக்கம், தப்பில்லை. ஆனால் தள்ளாடும் பூங்காவுக்குப் போகும் அன்று மட்டுமாவது அங்கேயே ஏதாவது வாங்கிச் சாப்பிடுங்கள். கூப்பன் தேடி நாலு டாலர் மிச்சம் பிடிப்பதையும் பெரிய சங்கிலி நிறுவனப் பூங்காக்களோடு வைத்துக்கொள்ளலாம். கையில் கொஞ்சம் ரொக்கமும் இருக்கட்டும்.

அடுத்த பயண இணைப்பில் இத்தகைய பூங்காக்களின் பெயரோடு, எந்தக் கிழமைகளில் திறப்பார்கள் என்பதையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன். அமெரிக்காவில் இவற்றின் முழுப் பருவம் மே மாதக் கடைசியிலிருந்து செப்டம்பர் முதல் வாரம் வரைதான். அதற்கு முன்னும் பின்னும் பல பூங்காக்கள் சனி, ஞாயிறு மட்டுமே திறக்கும். வாரநாளில் மூன்று மணி நேரம் கார் ஓட்டிப் போய்ப் பூட்டிய கேட்டைப் பார்க்கும் நிலை உங்கள் வாசகர்களுக்கு வர வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி